முழங்கால்வரை தெரிகிற வாசனை

லிஃப்ட்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போனது ஒரு புதன்கிழமை காலை எட்டே கால் மணிக்கு. அன்றைக்குத்தான் பச்சை பாட்டிலில் இருந்த சென்ட் தீர்ந்திருந்தது, அடுத்த பாட்டில் எந்தக் கடையிலும் கிடைத்திருக்கவில்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார், காற்றுதான் வந்தது. ஒரு நாள் பூசாமல் போனால் தலையா போய்விடும் என்று சட்டையை மாட்டினார். தலையோடு சேர்ந்து எல்லாமே போய்விட்டது. சட்டையும் கூடவே போனது. உடம்பில் மாட்டியது எதுவும் தெரியாது, கழற்றி வைத்தால் தெரியும், கையில் பிடித்த சாமான் அந்தரத்தில் மிதக்கிற மாதிரி தெரியும் என்கிற விவரங்களெல்லாம் அந்த வாரக் கடைசிக்குள் வீட்டில் பழகிவிட்டன. வந்து நிற்கும்போது ஒரு கனைப்பு கனைத்துவிடுவது என்று அவராகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மற்றபடி ஆள் அப்படியேதான் இருந்தார், குறட்டை உட்பட.

அவருடைய மனைவி கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் இருபத்து மூன்று வருஷமாகப் பவர் பார்க்கிறவள். அவர்கள் குடியிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் அவளுக்குப் பவரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பது வேலை. ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது கேட்பாள். ஆகையால் எதிரே நின்ற மனுஷன் காணாமல் போனதும் அவள் முதலில் சந்தேகப்பட்டது தன் கண்ணைத்தான். ஒரு மணி நேரம் முன்னதாகக் கடைக்குப் போய்த் தனக்குத்தானே சோதித்துப் பார்த்தாள். கடைசி வரிவரை பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் புருஷனையே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். அவர் கடைசி வரியைப் படித்ததோடு நிற்காமல், அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். அப்புறம் டாக்டர். டாக்டர் காற்றில் ஒரு பட்டையைச் சுற்றி, பம்பை அழுத்தி, முள்ளைப் பார்த்து, இந்த வயதுக்கு இப்படி ஒரு ரத்த அழுத்தம் கொடுத்துவைக்க வேண்டும் என்றார். உப்பை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

வேலைக்கு ஒரு குறைவும் வரவில்லை. லிஃப்டைப் பழுது பார்க்கிறவரை எப்போதும் யாரும் பார்ப்பதில்லை. கதவுக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டால் ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். கம்பெனியின் மேற்பார்வையாளர் வருகைப் பதிவேட்டில் குரலைக் கேட்டு டிக் அடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் லிஃப்ட்காரருக்கு அந்த வாழ்க்கை பிடித்துத்தான் இருந்தது. கட்டடச் சங்கத்தின் செயலாளர் பதவியை வருஷா வருஷம் அவர் தலையில்தான் கட்டுவார்கள். அந்த வருஷம் கட்டுவதற்குத் தலையைக் காணோம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கூட்டம் முழுவதையும் வேடிக்கை பார்த்துவிட்டு, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வந்த தெம்போடு வீட்டுக்கு வந்தார்.

தவித்தது பவரம்மாதான். கையால் தடவிப் பார்த்தால் மூக்கு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தாடி வளர்ந்திருந்தது கைக்குத் தெரிந்தது. ஆனால் கைக்கு நிறம் தெரியாது, பார்வை தெரியாது, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது. இரண்டு மாதம் போனதும் ஒரு நாள் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவர் கன்னத்தில் இருந்த மச்சம் இடது பக்கமா வலது பக்கமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி ஆல்பத்தைப் புரட்டினாள். குடும்பத்தில் எப்போதும் படம் எடுக்கிறவர் அவர்தான். ஆகவே நாற்பது பக்கத்திலும் அவளும் மகளும் அவளுடைய தங்கை குடும்பமும்தான் இருந்தார்கள். அவர் இருந்த ஒரே படம் கல்யாணத்தன்று எடுத்தது, அதில் சரியான நேரத்தில் தும்மியிருந்தார். இருபத்தாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம் தன் மனசில் பாதிதான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியும் அழிவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும், அதற்கு அந்த சென்ட் வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

பச்சை பாட்டில் கம்பெனியை மூடிவிட்டிருந்தார்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் மெத்தைக் கிடங்கு வந்திருந்தது. சரி, அது இல்லாவிட்டால் வேறு ஒன்று என்று ஏழு மாடிக் கடை ஒன்றுக்குப் போனாள். கீழ்த்தளம் பூராவும் கண்ணாடியும் விளக்கும் சென்ட்டும்தான். வாசலிலேயே பெண்கள் வெள்ளைக் காகிதப் பட்டையில் அடித்து மூக்கருகே நீட்டினார்கள். ஐந்து பட்டைக்கு மேல் மூக்கு வேலை நிறுத்தம் செய்யும், உடனே ஒரு கிண்ணத்தில் காப்பிக் கொட்டையை முகரக் கொடுப்பார்கள். அங்கே வாங்கியதை லிஃப்ட்காரர் மறுபேச்சில்லாமல் பூசிக்கொண்டார். பாதத்திலிருந்து முழங்கால்வரை இரண்டு கால்கள் கூடத்தில் நடந்து வந்தன, பேப்பரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போயின. கால் விரல் நகத்தை வெட்டாமல் விட்டிருப்பதைப் பார்த்துப் பவரம்மா திட்டினாள். திட்டும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் ஒரு விமானக் கம்பெனியில் வேலை பார்த்தாள், பெற்றோருக்குச் சலுகை டிக்கெட் உண்டு. "எங்க வேணும்னாலும் போங்கம்மா, அப்பாவைத் தொலைச்சுட்டு மட்டும் வந்துடாதீங்க" என்று டிக்கெட்டை அனுப்பினாள். அடுத்த மூன்று வருஷமும் லீவு கிடைத்த போதெல்லாம் அவர்கள் புறப்பட்டார்கள். குடியேற்ற அதிகாரிகளிடம் தகராறு வரும் என்று பவரம்மா பயந்தாள், வரவில்லை. பாஸ்போர்ட் படத்தில் யார்தான் தன் ஜாடையில் இருக்கிறார்கள், அதிகாரி படத்தையும் வெற்றிடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். மேஜைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி தோன்றும். முத்திரை விழும். (அந்தப் படத்தை வைத்தே முகத்தைத் தெரிந்துகொள்ளலாமே என்று தங்கை ஒருமுறை கேட்டாள். நன்றாகப் பார், இது உன் மச்சானா என்று பவரம்மா அதைக் காட்டினாள். யாரோ மாதிரி இருக்கு என்று தங்கை திருப்பிக் கொடுத்தாள்.)

விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கியதைப் பூசினால் வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தெரிந்தது. வரியைக் கழித்த மாதிரி ஆளையும் கழித்துவிட்டார்கள் என்றார் லிஃப்ட்காரர். ஒரு துறைமுக நகரத்தில் அத்தர் விற்கிற சந்து ஒன்று இருந்தது, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி நிற்க வேண்டும். அங்கே முதலில் தேநீர் வரும், பிறகு குடும்ப நலன் விசாரிப்பு, அதற்குப் பிறகே கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு. பேரம் பேசாமல் வாங்கினால் கோபித்துக்கொள்வார்கள். அந்த அத்தரில் ஒரு சொட்டுக்கு அவருடைய முதுகுப் பக்கம் உச்சி முதல் குதிகால்வரை முழுசாகத் தெரிந்தது. முடிதிருத்துபவர் குத்துமதிப்பாக வெட்டியிருந்த பின்னந்தலை படிக்கட்டு மாதிரி இருந்தது. ஆசையாக முன்பக்கம் சுற்றி வந்தால் ஒன்றுமில்லை. ஒன்பது நாள், அத்தர் தீரும்வரை, பவரம்மா வீட்டுக்குள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பூவைச் செப்புப் பானையில் போட்டு ஆவியாக்கி வடிக்கிற ஒரு மலையூரில், ஆலை வாசலிலேயே வாங்கியது நிழலை மட்டும் கொண்டுவந்தது, நல்ல கனமான நிழல். ஆற்றங்கரை நகரம் ஒன்றில் மருந்துக் கடை போலவே நடத்தினார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வயது, தூக்கம், பசி எல்லாம் விசாரித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் கழுத்திலிருந்து இடுப்புவரை வந்தது. ஆக, முகத்தைத் தவிர எல்லாம் தவணை முறையில் வந்து சேர்ந்தது. எந்தக் கடைக்குள்ளும் லிஃப்ட்காரர் போகவில்லை. கடைக்குப் போகிற மனைவிக்குக் காவலாக வெளி பெஞ்சில் பையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அவருடைய பழக்கம். பெஞ்சுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நாலு பைகள் மிதப்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள்.

போன இடங்களையெல்லாம் பவரம்மா ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். பிறகு சென்ட் பிரியர்கள் கூடுகிற ஒரு இணையதளத்தில், 'சென்ட் வாங்க எனக்குப் பிடித்த இடங்கள்' என்று தலைப்புக் கொடுத்து ஏற்றிவிட்டாள். எந்தக் கடையில் நெருக்கமாட்டார்கள், எங்கே சாம்பிள் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள், எங்கே பகல் பன்னிரண்டுக்கு முன்னால் போனால் கூட்டமிருக்காது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு சென்ட்டுக்கும் எதிரே 'முழங்கால்வரை', 'முழங்கை கீழ்', 'பின்பக்கம் மட்டும், ஒன்பது மணி நேரம்' என்று விளைவையும் நேர்மையாக எழுதியிருந்தாள். படித்தவர்கள் அதைப் பெரிய ரசனைக்காரர்களின் பரிபாஷை என்று எடுத்துக்கொண்டார்கள். இதென்ன அர்த்தம் என்று கேட்க எல்லோருக்கும் வெட்கம். ஆறு மாதத்தில் எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம், எனக்கு இது தோள்வரை வந்தது, அந்த ரோஜா வெறும் கணுக்கால், இந்த விலைக்கு இடுப்புவரையாவது வர வேண்டாமா என்று எழுத ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று தன் புதுச் சரக்கை 'தலை முதல் கால்வரை' என்று விளம்பரம் செய்தது. அவள் நம்பி வாங்கினாள். ஒரு காதுகூட வரவில்லை.

அந்தத் தளத்தின் வழியாகத்தான் வீட்டில் இருந்தபடியே வாங்கும் வழிகள் அவளுக்குத் திறந்தன. சுண்டுவிரல் உயரக் குப்பிகளில் சாம்பிள் அனுப்புகிறவர்கள் இருந்தார்கள். பாதி பூசிய பாட்டிலை விற்கிறவர்கள் இருந்தார்கள். பாதிதான் தெரியும் என்று தெரிந்தே அவள் அதையும் வாங்கினாள். கூரியர்காரர் வாரத்துக்கு மூன்று முறை வந்தார். ஒருமுறை ஒரு மலிவு விற்பனைத் தளத்தில் பெயர் போன சென்ட் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. லிஃப்ட்காரர் பூசிக்கொண்டதும் முதன்முறையாக முழு ஆளும், முகத்தோடு, கூடத்தில் வந்து நின்றார். ஆனால் அது வேறு ஆள். கூரான மூக்கு, ஒட்டக் கத்தரித்த மீசை, கழுத்தில் டை. "என்ன அப்படிப் பாக்குற?" என்று அந்த ஆளின் வாயிலிருந்து லிஃப்ட்காரரின் குரல் வந்தது. பவரம்மா வீறிட்டாள். அவர் போய்க் கண்ணாடியில் பார்த்தார், இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார், நல்லாத்தானே இருக்கு என்றார். அவள் அவரைப் பால்கனியில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். போலிச் சரக்கு, நாற்பது நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரின் பழைய மதிப்புரைகளைப் படித்துவிட்டு வாங்கவும் என்று அன்றைக்கே நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மூன்றாம் வருஷக் கடைசியில் பச்சை பாட்டிலே வந்தது. கப்பலில் சமையல் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், எப்போதோ வாங்கிப் பெட்டியடியில் போட்டு மறந்தது, சீல் உடைக்காதது. பவரம்மா பெட்டியைப் பிரித்தாள். அதே பாட்டில், அதே மரமூடி, ஒரு பக்கம் சரிந்த அதே லேபிள். சோபாவின் மேல் அந்தரத்தில் பேப்பர் விரிந்திருந்த இடத்தைப் பார்த்து நீட்டினாள். பாட்டிலை யாரும் வாங்கவில்லை.

"அது வேணாம்" என்றார் லிஃப்ட்காரர்.

"என்னது வேணாம்? உங்க சென்ட்டுங்க இது."

"எனக்கு அந்த வாசனை பிடிக்காது."

"இருபத்தாறு வருஷமா பூசினீங்களே."

"இருபத்தாறு வருஷமாத்தான் பிடிக்காது" என்றார் அவர். பேப்பர் மெதுவாக மடிந்தது. "கல்யாணமான புதுசுல நீ ஆசையா வாங்கிக் குடுத்த. நல்லா இருக்குன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்? அதுக்கப்புறம் தீரவே விடல நீ. பாட்டில் பாதி ஆகுறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பவரம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மூன்று வருஷம் நாய் படாத பாடு பட்டு, மலையேறி, சந்தில் நசுங்கி, ஒரு முகத்துக்காக உலகத்தைச் சுற்றியவளுக்குக் கிடைத்த பதில் இது. பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பேச்சை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். அவர்கள் சண்டை போடாதவர்கள் இல்லை. ஆனால் பழைய சண்டைகளில் எதிரே ஒரு உர்ரென்ற முகம் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கோபப்படலாம். இந்தத் தடவை அவர் கனைப்பதையும் விட்டுவிட்டார். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது வீடு ஓசையில்லாமல் இருந்தது. கருவிப் பை மூலையில் இருந்தது, செருப்பு இருந்ததா என்று சொல்ல முடியாது, காலில் போட்டிருந்தால் தெரியாதே. சமையலறையைப் பார்த்தாள், குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள், கட்டிலைத் தடவிப் பார்த்தாள். மனுஷன் போயே போய்விட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. போனாலும் தெரியாது, போன திசையும் தெரியாது, ஜென்மத்துக்கும் தெரியாது. சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெரியாவிட்டால் தொலையட்டும், ஒரு கனைப்புப் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"இருக்கீங்களா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். "எங்கங்க இருக்கீங்க?"

"இங்கதான்" என்று காதருகே பதில் வந்தது. அதே சோபா, ஒரு சாண் தள்ளி. "ரெண்டு நாளா இங்கதான் இருக்கேன். நீ என் மேல உக்காராம உக்காந்தியே, அதுவே பெருசு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து மூக்கில் அடைத்துக்கொண்டன. தேடிப் பிடித்த கையை விடாமல் வைத்துக்கொண்டு, "சரி, சொல்லுங்க. உங்களுக்கு எந்த வாசனைதான் பிடிக்கும்?" என்று கேட்டாள். அவர் கை அவள் பிடிக்குள் இப்படியும் அப்படியும் புரண்டது. "தெரியலம்மா" என்றார் கடைசியில். "யோசிச்சதே இல்ல." ஊரில் வருகிறவன் போகிறவனையெல்லாம் உட்காரவைத்து இதுவா அதுவா என்று கேட்கிறவள், வீட்டில் ஒருவரைக் கேட்கவில்லை என்பது பவரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு இரண்டு டிக்கெட் சொன்னாள்.

போனது ஏற்கெனவே போயிருந்த ஒரு கடைக்குத்தான். எந்நேரமும் மழை தூறுகிற நகரம் அது. கடையில் ஒரு பாட்டிலும் வெளியே இருக்காது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை, கேட்கிறபடி கலந்து கொடுப்பார்கள். கடைக்காரிக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம், தன் சரக்கின் வாசனை அவளுக்கே தெரியாது. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே வியாபாரம் செய்வாள். வாய் பொய் சொல்லும், புருவம் சொல்லாது என்பது அவள் கட்சி. போன தடவை பவரம்மாவின் புருவத்தைப் பார்த்து ஒன்று கலந்து கொடுத்திருந்தாள், அதில் லிஃப்ட்காரரின் இடது குதிகால் தெரிந்தது. இந்தத் தடவை அவர் முதன்முறையாக வெளி பெஞ்சை விட்டு எழுந்து, பைகளோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கடைக்காரி காலி நாற்காலியைப் பார்த்துக் கையை விரித்தாள். பார்க்க முகம் இல்லாத இடத்தில் அவள் வித்தை செல்லாது. பவரம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் கேட்கிறேன், நீங்கள் எடுத்துக் கொடுங்கள்" என்றாள் கடைக்காரியிடம்.

"இதுவா, இதுவா?" என்று இரண்டு காகிதப் பட்டைகளை மாறி மாறி நீட்டினாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

இந்தப் பதிலைப் பவரம்மா இருபத்தாறு வருஷமாகக் கடையில் கேட்டிருக்கிறாள். அலுத்தவர்கள் சொல்வார்கள், எதிரே இருப்பவள் மனசு நோகக் கூடாது என்று நினைப்பவர்களும் சொல்வார்கள். "ரெண்டும் நல்லா இருக்காதுங்க, ஒண்ணுதான் இருக்கும். அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க" என்றாள். பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். ரோஜாவைத் தள்ளினார். மல்லிகையைத் தள்ளினார். சந்தனத்தை மரியாதையாக நகர்த்தி வைத்தார். ஒரு மணிக்குப் பிறகு அவருக்கே குஷி பிறந்துவிட்டது. இது வேண்டாம், அது வேண்டவே வேண்டாம், இதை எவன் பூசுவான் என்று அதிகாரமாகச் சொல்லத் தொடங்கினார். எலுமிச்சைத் தோல் நின்றது. ஈர சிமெண்ட் நின்றது. லிஃப்ட் போகிற குழிக்குள் மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார். புது ரப்பர் கொஞ்சமாக நின்றது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்காரி ஏணி போட்டு மேல் இழுப்பறைகளையும் திறந்துவிட்டாள்.

"அது இங்க இருக்காது" என்றார் லிஃப்ட்காரர் கடைசியில், கொஞ்சம் கூச்சத்தோடு. "நீ கடையிலேர்ந்து வரும்போது உன் கையில ஒரு வாசனை வருமே. கண்ணாடி துடைக்கிற தண்ணி. அது. வாசல்ல வரும்போதே எனக்கு வரும். அந்தப் பச்சை பாட்டில் சென்ட்ட அடிச்சா அது மறைஞ்சு போயிடும், அதான் எனக்கு எரிச்சலே."

பவரம்மா கைப்பையைத் திறந்து, எப்போதும் வைத்திருக்கிற சின்ன ஸ்பிரே பாட்டிலை எடுத்துக் கடைக்காரியிடம் கொடுத்தாள். அவள் அதை முகர்ந்து பார்ப்பது போல் பாவனை செய்துவிட்டு, ஆறு சொட்டு சேர்த்தாள்.

பூசியதும் எதுவும் நடக்கவில்லை. வாசனை தோலில் ஊற அரை மணி நேரமாவது ஆகும், காகிதத்தில் வருவதை நம்பாதீர்கள் என்று கடைக்காரி சொல்லி அனுப்பினாள். அவர்கள் ஒரே குடையில் நடந்தார்கள், காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் போகிறாள் என்று பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருந்து போனது. இதுவும் போச்சு, இருந்தாலும் பரவாயில்லை என்று பவரம்மா நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு ஜோடி ஈரச் செருப்பு இருப்பதைக் கண்டாள். செருப்புக்கு மேல் கால்கள். அப்புறம் கசங்கிய கால்சட்டை, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, கழுத்து. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது முகம் இருந்தது. தாடி முழுக்க வெளுத்துப் பஞ்சாகியிருந்தது. தினமும் தடவிப் பார்த்த கைக்கு அது தெரிந்திருக்கவில்லை. கன்னத்தில் மச்சம் இல்லை. இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"எப்படி இருக்கேன்?" என்றார் அவர்.

"கெழவனாயிட்டீங்க" என்றாள் பவரம்மா. பிறகு நடுத்தெரு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். மூன்றாவது பேருந்தும் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் மகள் வீடியோவில் அப்பாவைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, தாடியை எடுக்க வேண்டாம் என்பது. பச்சை பாட்டிலைப் பவரம்மா அதே இணையதளத்தில் ஒரு பெண்மணிக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன், இது யாருக்கு, அவரைக் கேட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டாள். பிடித்த இடங்களின் பட்டியலையும் மாற்றி எழுதினாள். பூசிக்கொள்ளப் போகிறவர் உட்கார உள்ளே நாற்காலி இருக்கிற கடைகள் மேலே ஏறின, மற்றதெல்லாம் கீழே போயின. கட்டடச் சங்கத்தார் மறு வாரமே செயலாளர் பதவியோடு வந்து கதவைத் தட்டினார்கள். லிஃப்ட்காரர் யோசித்துவிட்டு மனைவியிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். வாரத்தில் ஆறு நாள் பூசுவார், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசமாட்டார். அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள், கனைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவரம்மாவுக்கு முகத்தில் ரோஸ் பவுடர் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. முப்பது வருஷமாகப் போட்ட பவுடர், அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள். தலை வாரக் கண்ணாடிமுன் நின்றாள், எதிரே சுவரும் காலண்டரும் சீப்பும்தான் இருந்தன. சரி என்று சொல்லிவிட்டு வாரி முடித்தாள். எங்க இருக்க என்று கூடத்திலிருந்து குரல் வந்தது, இங்கதான் என்றாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்து உள்ளே யாரும் இல்லையென்றால், ஏறுகிறவர்கள் இரண்டு பேருக்கு இடம் விட்டு ஓரமாக நிற்பார்கள். எத்தனாவது மாடி என்று பொதுவாகக் கேட்டு, பதில் வந்த பட்டனை அழுத்திக் கொடுப்பார்கள். பெரும்பாலும் மொட்டை மாடிதான்.